இரண்டு கண்ணு விட்டு வெட்டுதல்

சார்டனே என்பது ஒயினுக்குப் போகிற வெள்ளைத் திராட்சையில் ஒரு வகை. குளிர்நாட்டுப் பிறவி. அங்கே அதைத் தூங்க வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பனி விழும், இலை உதிரும், கொடி கட்டை மாதிரிக் கிடக்கும், வெயில் வந்ததும் எழுந்து காய்க்கும். கொல்லிமலையில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. இங்கே மார்கழியில் மனிதர்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பல் கிட்டித்துத் திரிவார்கள். கொடி மட்டும் இதெல்லாம் ஒரு குளிரா என்கிற முகத்தோடு பச்சைப்பசேலென்று நிற்கும். தூங்காத கொடி ஒழுங்காகக் காய்க்காது. அதனால் அதை அடித்துத்தான் தூங்க வைக்க வேண்டும். தண்ணீரை நிறுத்திப் பட்டினி போடுவது முதல் தண்டனை. உயிரோடிருக்கும்போதே இலையை ஒவ்வொன்றாக உருவுவது இரண்டாவது. அப்படியும் இப்படியும் கண்ணயர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எழுப்புவதற்குக் கையைக் காலை வெட்டி, வெட்டின கிளையில், தோலில் பட்டால் கொப்பளித்துப் போகிற ஒரு மருந்தைத் துணியில் தோய்த்துத் தடவ வேண்டும். இதற்குத் தோட்டக்கலை என்று பெயர். கலை!

இந்த வேலை எனக்கு ஒத்துவரும் என்று நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பாதி ஆயுளை நாமக்கல்லில் லாரி விபத்துகளை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராகக் கழித்தவன் நான். அப்பளமாய்ப் போன கேபின், டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் முடிக்கற்றை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, அப்படியே பக்கத்து ஓட்டலில் இரண்டு புரோட்டா சாப்பிடப் பழகியவன். தூங்கத்தான் பழகவில்லை. எந்த நேரத்திலும் போன் அடிக்கும், எங்கேயோ ஒரு வண்டி கவிழ்ந்திருக்கும் என்று உடம்பு காதைத் தீட்டிக்கொண்டே கிடக்கும். ஒரு தடவை கொல்லிமலை மேலே அரியூர் நாட்டில் பள்ளத்தில் விழுந்த ஒரு வேனைப் பார்க்கப் போய், மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே ஒரு வீட்டில் தங்கினேன். விடிந்து வெயில் முகத்தில் அடிக்கிற வரைக்கும் தூங்கியிருந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்த மலையை விட்டு இறங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மலையில் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. தூங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதன் குடும்பத்தோடு மலையேற முடியாது. நிறையப் படிக்கிற கெட்ட பழக்கம் இருந்ததால், உயரம், ராக்குளிர், சரிவு, வடிகால் என்று தேடிப் போய்ச் சார்டனேயில் விழுந்தேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் எடுத்தவள். ஒரு சொல்லை வைத்தால் வைத்ததுதான். மலைக்கு ஏறுகிற பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பாதிப்பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மூணாவது பங்குனிக்குள்ள ஒரு கூடை பழம். நான் பாத்துக் கையில வாங்கணும். இல்லீன்னா கீழ எறங்கிடோணும். அதுக்கப்புறம் மலைன்னு வாயத் தொறக்கக் கூடாது."

"செரி."

"தலைய ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

சொன்னேன். நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அந்த ஒப்பந்தம் மலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. செம்மேட்டுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட, "மூணாவது பங்குனி வரைக்கும்தானுங்களே, அரைக் கிலோ போதுங்களா?" என்று கேட்டார்கள்.

நிலம் தந்தவர் அந்த மழைநாளில் எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மரவள்ளியும் மிளகும் சாமையும் போடுகிறவர். வேலையிலும் கூட்டு, பழம் வந்தால் அதிலும் கூட்டு என்று பேச்சு. கோபக்காரர். அவர் மனைவி அவரைவிடக் கோபக்காரி. இடுப்பில் அருவாள் இல்லாமல் அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போகும்போதும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் நெல்வயலுக்கு மேலே இருந்த பள்ளத்தைக் காட்டினார். நான் கிழக்கே பார்த்த சரிவைக் கேட்டேன்.

"மேட்டுல தண்ணி நிக்காதுங்களே சார்?"

"நிக்கக் கூடாதுங்ணா. அதுக்குத் தாகம் எடுக்கோணும்."

"கொடிக்குங்களா, உங்களுக்குங்களா?"

ஊரில் அதற்குச் சாராயத் தோட்டம் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் சரிவு விஷயத்தில் புத்தகம் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த காற்றும் தண்ணீர் மாதிரித்தான், பள்ளத்தைத் தேடி ஓடும். குளிர்நாட்டில் பள்ளத்தில் தேங்கும் காற்று உறைந்து துளிரைக் கொல்லும். சார்டனே மற்றவற்றுக்கு முந்திக்கொண்டு துளிர்க்கிற அவசரக் குடுக்கை என்பதால் முதல் சாவு அதற்குத்தான். நம் பள்ளத்தில் உறைபனி இல்லை, மூடுபனி உண்டு. காலை பத்து மணியானாலும் விலகாது. ஈரம் உலராத இலையில் சாம்பல் பூத்து, கொத்து அழுகிச் சாகும். சாகும் விதம்தான் வேறு. சரிவில் வைத்தால் விடிந்ததும் வெயில் அடிக்கும், காற்று இலையைத் துவட்டும். பகல் வெயில் பழத்துக்குச் சர்க்கரை கொடுக்கும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பழத்துக்கு மரியாதை. ஓசூரைத் தாண்டி ஒயின் செய்கிற ஒருவரிடம் பேசியபோது அவரும் அதையேதான் சொன்னார். "சர்க்கரை எல்லாரும் கொண்டு வர்றாங்க சார். புளிப்போட ஒரு கூடை கொண்டு வாங்க, பேசலாம்." எனக்கு எங்கே போனாலும் ஒரு கூடை.

செம்மண்ணில் அமிலம் கொஞ்சம் கூடுதல். இந்தக் கொடிக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். லாரியில் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பாதையின் வளைவுகளை எல்லோரும் எண்ணால் சொல்வார்கள். எனக்கு அங்கங்கே விழுந்த வண்டியால்தான் தெரியும். "இங்க ஒரு ஈச்சர், ரெண்டு பேரு" என்று ஆரம்பித்தேன். நான்காவது வளைவில் டிரைவர், "சார், நீங்க மேல சுண்ணாம்பு மூட்டை மேல உக்காந்துக்குங்க" என்றார்.

கன்றுகள் வடக்கேயிருந்து வந்தன. ஒட்டுக் கன்றுகள். வேரும் அடிக்கட்டையும் ஒரு காட்டுத் திராட்சை, அதன் தலையை வெட்டிவிட்டு மேலே சார்டனேயின் துண்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். வெட்டுவாயும் வெட்டுவாயும் சேர்ந்து ஒரு முண்டு போட்டிருக்கும். முண்டுக்கு மேலே உயிரிருந்தால் சார்டனே. முண்டுக்குக் கீழே வெட்டிவிட்டால் வெறும் காட்டுக்கொடி. எனக்கிருந்த ஒரே கவலை அந்த முண்டுதான். கணக்கு வாத்தியார் காது திருகுகிற மாதிரி எல்லோரிடமும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குளிர்காற்றின் ஓட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் காட்டுப்பன்றிகள் வந்து ஒரு மூலையை உழுதுவிட்டுப் போயின. நிலத்துக்கார அம்மாள் விடிகாலையில் அருவாளோடு அவற்றை ஓடை வரைக்கும் துரத்திக்கொண்டு போய், திரும்பி வந்து, "ஒண்ணோட வாலு கெடச்சிருக்கும். தட்டிப்போச்சு" என்றார். மிச்சக் கன்றுகள் பிழைத்தன. கம்பி ஏறின. நான் தூங்கினேன்.

இனிமேல்தான் வெட்டு. நம் ஊர்ச் சூட்டில் திராட்சைக்கு வருடத்துக்கு இரண்டு வெட்டு. கார்த்திகையில் வெட்டுவது பழத்துக்கு. சித்திரையில் வெட்டுவது முரட்டு வெட்டு. கிளைக்கு இரண்டு மொட்டு மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். இந்த மொட்டைக் கம்பம் பக்கத்தில் மொட்டு என்றே சொல்கிறார்கள். மரவள்ளிக் குச்சி நடுகிற எங்கள் மலையில் முளைக்கிற இடத்துக்குக் கணு என்று சொல்வார்கள். நான் படித்த புத்தகங்களில் அதற்குக் கண் என்று பெயர். படித்தவனாயிற்றே. கண் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது சித்திரையில், பழைய விபத்து வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல நானும் மனைவியும் நாமக்கல்லுக்கு இறங்க வேண்டியதாயிற்று. கோர்ட் வராந்தாவில் நின்று நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் சிக்னலுக்காக அவர் பாறை மேல் ஏறி நிற்பது மூச்சில் தெரிந்தது.

"அண்ணா, நான் வாரதுக்கு நாளாகும். நீங்க வெட்ட ஆரம்பிச்சிருங்க."

"எப்புடி வெட்டறதுங்க?"

"ரெண்டு கண்ணு உட்டுட்டு மிச்சத்த வெட்டிருங்க."

பாறையில் அவர் கால் மாற்றி நிற்பது கேட்டது.

"ரெண்டே ரெண்டுங்களா?"

"ரெண்டு போதுங்ணா."

"ஏனுங்க... அம்மிணி சொல்லிட்டாங்களா?"

"அவளுக்கென்னங்ணா தெரியும். நான் சொல்றன்."

"மனசு கேக்குதுங்களா சார்?"

"மனசப் பாத்தா ஆகுமாங்ணா? எரக்கப்படாம வெட்டுங்க."

"செரிங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மலையில் ஏறி நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே போய் ஒரு லாரியின் சாவைப் பற்றிச் சாட்சி சொன்னேன்.

திரும்பி வந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பேறியதும் முதலில் தெரிந்தது கம்பிகள்தான். வெறும் கம்பி. கல்தூண்களுக்கு நடுவே துணி காயப்போடக் கட்டின மாதிரி காலியாக வெயிலில் மின்னிற்று. கீழே வரிசை வரிசையாகச் சாண் உயரத்துக்குக் குச்சிகள். ஓரத்தில் கொடிகள் ஆள் உயரக் குவியலாகக் கிடந்தன. மூன்று ஆடுகள் அதன் மேல் ஏறி நின்று என் இரண்டு வருடத்தைத் தின்றுகொண்டிருந்தன. நட்டநடுவில் இரண்டே இரண்டு கொடிகள் மட்டும் அப்படியே நின்றன. இரண்டைச் சுற்றியும் அழகாக முள்வேலி போட்டிருந்தது.

மேல் வரிசையில் நிலத்துக்காரர் கடப்பாரையால் ஒரு குச்சியை வேரோடு நெம்பிக்கொண்டிருந்தார். அந்த வரிசையே வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தது.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஓடினேன் என்பது தெரியும். எனக்கு அந்த வயதில் ஓட்டம் கிடையாது, சரிவுதான் என்னை ஓட்டியது. நின்றால் போதும் என்று போனவன் நிற்க முடியாமல் அவர் மேல் விழுந்தேன். அவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் காதைப் பிடித்தேன். ஏன் காது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கையில் அதுதான் கிடைத்தது. இரண்டு பேரும் சுண்ணாம்பு போட்ட என் அருமை மண்ணில் கட்டிப்பிடித்து உருண்டோம். அவர் முழங்கை என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. நான் அவர் மூக்கில் குத்தினேன். வாழ்க்கையில் நான் குத்தின முதல் குத்து. குத்தினால் குத்துகிறவன் விரலுக்கும் வலிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அவர் மூக்கிலிருந்து ரத்தம் என் சட்டையில் கொட்டியது. பதிலுக்கு அவர் என் கையைக் கடித்தார். நன்றாக, எலும்பு தெரிகிற மாதிரிக் கடித்தார்.

"கொலகாரா!" என்றேன்.

"நீதானய்யா எரக்கப்படாம வெட்டச் சொன்ன!" என்றார். சார் போய்விட்டது.

வரப்பிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டு அடிங்க. புதுசு."

அதற்குள் நிலத்துக்கார அம்மாள் வந்து, அருவாளின் திருப்பின பக்கத்தால் என் முதுகில் ஒன்று, தன் புருஷன் முதுகில் ஒன்று வைத்தார். பாரபட்சம் பார்க்கவில்லை. நாங்கள் பிரிந்தோம்.

"ஏஞ்சாமி, நாங்க என்ன ஆசப்பட்டா வெட்டுனோம்?" என்றார் அந்த அம்மாள். "நீங்க எறங்கப் போறீங்க, நெனப்புக்கு ரெண்டு கன்னு மட்டும் உடச் சொன்னீங்கன்னு இவரு வந்து அழுதாரு. நான் ஒவ்வொண்ணையும் வெட்டறப்ப, கொஞ்சம் பொறுத்துக்க கண்ணுன்னு சொல்லித்தான் வெட்டுனேன். இருக்கறதுலயே லச்சணமா ரெண்டு பாத்து வேலி போட்டு வச்சிருக்கறேன். அதுக்கு இந்த அடியா?"

"கன்னு இல்லீங்கக்கா! கண்ணு! கண்ணு!"

"நானும் அதையேதான சொல்றேன்!"

என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுந்து வந்து, ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் இரண்டு எழுத்து எழுதினாள்.

"இது மூணு சுழி. மொட்டு. இது ரெண்டு சுழி. செடி. நம்ம ஆளு போன்ல சொன்னது மூணு சுழி, உங்களுக்குக் கேட்டது ரெண்டு சுழி. ஒரு சுழியில போச்சு."

நிலத்துக்காரர் மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டு அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார்.

"மொளைக்கற எடத்துக்குக் கணுன்னு சொல்றதுக்கு என்னங்க கேடு?" என்றார்.



நான் பக்கத்திலிருந்த குச்சி ஒன்றின் முன்னால் மண்டியிட்டேன். முண்டைத் தேடினேன். இருந்தது. முண்டுக்கு மேலே நான்கு விரல் தள்ளித்தான் வெட்டு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சரிவு முழுக்கத் தவழ்ந்து பார்த்தேன். ஒன்றுகூட முண்டுக்குக் கீழே இல்லை.

"ஏனுங்ணா இவ்வளவு உயரம் உட்டு வெட்டுனீங்க?"

"பின்ன? நாளைக்கு வேரப் புடுங்கறதுக்குப் புடி வேண்டாமுங்களா?"

மரவள்ளியை அப்படித்தான் வெட்டுவார்கள். தண்டைக் கழித்துவிட்டு, கிழங்கைப் பிடுங்கக் கைப்பிடியாக ஒரு சாண் குச்சியை விடுவார்கள். என் கொடியையும் மரவள்ளியாக நினைத்து அடுத்த நாள் பிடுங்குவதற்கு வசதியாக வெட்டிவைத்திருந்தார்கள். நாங்கள் ஒரு பஸ் தள்ளி வந்திருந்தால் மொத்தமும் மேல் வரிசை மாதிரி மல்லாந்திருக்கும். அந்த வரிசையைத் திரும்ப நட்டோம், தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் செத்தது.

பிறகு காத்திருப்பு. முண்டுக்கு மேலே துளிர்த்தால் நான் மலையில் இருப்பேன். கீழே மட்டும் துளிர்த்தால் இறங்குவேன். முதலில் கீழேதான் வந்தது. காட்டுக்கொடிக்கு வெட்கம் கிடையாது, மண்ணோடு மண்ணாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பியது. நிலத்துக்காரரும் நானும் ஆளுக்கொரு வரிசையாகக் குனிந்து அதைப் பிய்த்து எறிந்தோம். எனக்கு உதட்டில் பொருக்கு, அவருக்கு மூக்கில் வீக்கம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் நான் கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்தேன். கீழேயிருந்த பழைய வியாதி மலையேறி வந்துவிட்டது என்று பயந்தேன்.

ஒரு காலையில் மேல்பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "சார்! மேல!"

முண்டுக்கு மேலே, பட்டையைக் கிழித்துக்கொண்டு, ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையில் தன் பல்தடத்தைப் பார்த்தார்.

"ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சுங்ணா. உங்க காது?"

"கேக்குதுங்க. முன்னைக்கு நல்லாவே கேக்குது. சுழியெல்லாம்கூட கேக்கும்."

அடியோடு வெட்டுப்பட்டதால் கொடிகள் வெறி பிடித்த மாதிரி ஏறின. வளைசல் இல்லாத, கைத்தடி மாதிரி நேரான தண்டுகள். பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நட்ட கொடியைத் தொடக்கத்திலேயே தரையோடு தரையாக இரண்டு கண் விட்டு வெட்டிவிடு, அப்போதுதான் தண்டு உருப்படும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் நானே அடிக்கோடு போட்டிருந்தேன். பாசத்தில் செய்யாமல் விட்டிருந்தேன்.

வேலிக்குள் நின்ற இரண்டு கொடிகளையும் கார்த்திகை வெட்டில் சேர்க்கப் போனபோது நிலத்துக்கார அம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"அது ஆகாதுங்க. உட்டது உட்டதுதான்."

"அக்கா, அது தப்பாக் கேட்டு உட்டதுங்க."

"எப்புடி உட்டா என்ன? கெடா நேந்து உட்டுட்டு, தப்பா உட்டுட்டேன்னு புடிச்சுக் கொழம்பு வெப்பீங்களா? சாமிக்குன்னு நெனச்சுத்தான் வேலி போட்டேன். கத்தி படப்படாது."

கத்தி படவில்லை. மற்ற கொடிகளை நான் புத்தகப்படி ஒழுங்கு செய்தேன். மார்கழிக் குளிரில் பூத்தன, தையில் பிஞ்சு பிடித்தன, மாசியில் கொத்துக் கொத்தாகக் கண்ணாடிப் பச்சைக்குத் திரும்பின. காற்றும் வெயிலும் படட்டும், அழுகல் வராமல் இருக்கட்டும் என்று கொத்துகளைச் சுற்றியிருந்த இலைகளை உருவி அவற்றை நிர்வாணமாக்கினேன். நேர்ந்து விட்ட இரண்டும் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, வேலிக்கு மேலே யானைக்கூடாரம் மாதிரிப் புதராக நின்றன. எங்கேயோ சாம்பல் பூத்த இலைகூடத் தெரிந்தது. பார்க்கிறவர்களிடம், "அது நம்முது இல்லீங்க" என்று சொல்லிவிடுவேன்.

மூன்றாவது பங்குனி. ஓசூர் பக்கத்து ஒயின்காரர் மறுநாள் பழம் பார்க்க வருவதாக இருந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பாட்டில் கை வைப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காற்று ஒரு தடவை நின்றது. பிறகு கூரைத் தகரத்தில் யாரோ லோடு ஜல்லியைக் கொட்டின மாதிரி ஒரு சத்தம்.

ஆலங்கட்டி.

எலுமிச்சையளவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெல்லிக்காயளவு என்று வைத்துக்கொள்வோம். நான் கைக்குக் கிடைத்த அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். ஓடி என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்வியை மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. கூடைக்குள் என் மண்டை கோயில் மணி மாதிரி அடி வாங்கியது. எதிரே நிலத்துக்காரர் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் வரிசைக்கு நடுவில் நின்றோம். நான் உருவி வைத்த நிர்வாணக் கொத்துகளில் பனிக்கல் விழுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பழம் உடைந்து சாறு முகத்தில் தெறித்தது. கிளைகள் தோல் உரிந்து தொங்கின. துளிர்கள் கழுத்து முறிந்து விழுந்தன. எதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு கொத்தின் மேல் அன்னக்கூடையைப் பிடித்தேன். தலை வெளியே வந்த அந்த நிமிடத்தில் ஒரு கல் என் புருவத்துக்கு மேலே சரியாக இறங்கியது. ரத்தம் கண்ணில் வழிய, வெள்ளைச் சரிவு சிவப்பாகத் தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது, குழாயை மூடினது போல.

பழக்கதோஷம், நான் வரிசை வரிசையாக நடந்து சேதத்தை மதிப்பிட்டேன். மேல் சரிவு, மொத்தமும் போனது. நடுச் சரிவு, மொத்தமும் போனது. தெய்வச் செயலுக்கு இழப்பீடு கிடையாது என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். எத்தனை லாரிக்காரர்களிடம் அந்த வரியை முகம் மாறாமல் வாசித்துக் காட்டியிருப்பேன். இப்போது எனக்கு நானே வாசித்துக்கொண்டேன். குளவிகள் சாறுக்கு வந்துவிட்டன.

"சார்" என்றார் நிலத்துக்காரர். உரச்சாக்கு இன்னும் தலையில் இருந்தது. "அந்தப் பொதரப் பாருங்க."

நேர்ந்து விட்ட இரண்டும் நின்றன. மேலே இலையெல்லாம் சல்லடை. உள்ளே கையை விட்டு விலக்கினால், அடுக்கடுக்கான இலைக்குக் கீழே, யாரும் உருவாத இருட்டில், கொத்துகள் அடிபடாமல் தொங்கின.

கத்தரிக்கோலை எடுத்தேன். நிலத்துக்கார அம்மாள் வந்துவிட்டார்.

"அக்கா, கொடிய வெட்டலீங்க. பழத்தத்தான்."

அவர் யோசித்தார். நான் ரத்தத்தைத் துடைத்தபடி நின்றேன். வாழ்க்கையில் எந்த நீதிபதி முன்னாலும் அப்படி நின்றதில்லை.

"காம்பக் கையில கிள்ளுங்க. இரும்பு படப்படாது. ஆனா மொதல்ல ஒரு சேவல்" என்றார்.

அவர்கள் வீட்டுச் சேவல் ஒன்று, வெளியே நின்ற நான்கு கோழிகள் செத்துக் கிடக்க, கட்டிலுக்கடியில் ஒளிந்து ஆலங்கட்டியில் தப்பியிருந்தது. அதை இழுத்து வந்து கொடியடியில் வைத்து ஒரே போடு. தலை ஒரு பக்கம் கிடக்க, உடம்பு எழுந்து பனிக்கல் மேல் கொஞ்ச தூரம் ஓடிச் சிவப்பாகக் கோலம் போட்டுவிட்டு விழுந்தது. அதற்கப்புறம் நாங்கள் நான்கு பேரும் புதருக்குள் கையை விட்டுக் கிள்ளினோம்.

கூடையில் பாதிகூட வரவில்லை.

நிலத்துக்கார அம்மாள் வீட்டுக்குள் போய், சந்தைக்குப் பூ கொண்டு போகிற சின்னக் கூடை ஒன்றைக் கொண்டு வந்து, பழத்தை அதில் கொட்டினார். வழிந்தது. மேலே இரண்டு கொத்தைக் கோபுரமாக வைத்து என் மனைவி கையில் கொடுத்தார்.

"புடிங்க கண்ணு. கூடை நெறஞ்சு போச்சு."

மனைவி கூடையைப் பார்த்தாள். என் புருவத்தைப் பார்த்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டாள். முகம் சுருங்கியது, ஒரு கண் மூடியது, தோள் குலுங்கியது.

"புளி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இனிப்பும் இருக்குது" என்றாள். இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

"கூடைன்னுதானுங்க அம்மிணி பஸ்ஸுல சொன்னீங்க" என்றார் நிலத்துக்காரர், மெதுவாக. "எந்தக் கூடைன்னு சொல்லலீங்களே."

அவள் தமிழ் எடுத்தவள். சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புத்தகத்திலிருந்து எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

"சொல்லலதான்" என்றாள்.

செம்மேட்டுக்குக் கூட்டிப் போய்ப் புருவத்தில் தையல் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் எரிகிற மருந்து ஒன்றைப் பஞ்சில் தோய்த்துத் தடவினார்கள். நான் கத்தினது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தேன். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. பட்டினி ஆயிற்று, வெட்டு ஆயிற்று, மருந்தும் ஆயிற்று. முறைப்படி கடைசி இரண்டும் எழுப்புவதற்கு. நான் எதிலும் வரிசைப்படி நடந்தவன் இல்லை, தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நிலத்துக்கார அம்மாள் சேவல் குழம்போடு வந்து, சாரை எழுப்பட்டுமா என்று கேட்பது காதில் விழுந்தது.

"வேண்டாங்கக்கா, தூங்கட்டும்" என்றாள் என் மனைவி. "வெட்டியாச்சு, பட்டினியும் போட்டாச்சு. வர்ற வருசம் காய்க்குதான்னு பாப்போம்."